பச்சைத் தேயிலை விலை இறங்கிவிட்டது என்று சொல்லி ஜீவனாம்சத்தை ரத்து செய்ய முடியுமா?

கோத்தகிரி, தனியார் பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எனக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது வயது மகளுடன் என் பெற்றோர் வீட்டில் தனியாக வாழ்ந்து வருகிறேன். கணவருக்குக் கோத்தகிரிக்கு அருகில் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி அவர் பெயரிலும் மீதி என் மாமனார் பெயரிலும் உள்ளன. கொளுந்து பறிப்பது, இலையைத் தொழிற்சாலைக்கு அனுப்புவது, பணம் வாங்குவது எல்லாவற்றையும் என் கணவர்தான் பார்க்கிறார். தோட்டத்தை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி, சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கும் விடுகிறார்.

பிரிந்து வந்த புதிதில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்படி எனக்கும் மகளுக்குமாக மாதம் 6,000 ரூபாய் கொடுக்க உத்தரவாயிற்று. பிறகு அவர் கொடுமை என்ற காரணத்தைக் காட்டி விவாகரத்து கேட்டு மனு போட்டார். அந்த வழக்கில் நான் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டதில் மாதம் 10,000 ரூபாய் என்று உத்தரவு வந்தது. அப்போது நான் வேலையில் இல்லை. இப்போது ஒரு பள்ளியில் 14,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்திருக்கிறேன்.

பச்சை இலை விலை விழுந்துவிட்டது, மனைவி சம்பாதிக்கிறாள், ஆகவே உத்தரவை ரத்து செய்ய வேண்டும் என்று அவர் இப்போது மனு தாக்கல் செய்திருக்கிறார். மனு போட்ட மாதத்திலிருந்து பணமும் வரவில்லை. வேலைக்குப் போனதற்காக என் உரிமை போய்விடுமா? தொகையை எந்த அடிப்படையில்தான் தீர்மானிக்கிறார்கள்? சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு என்கிறார்கள். சம்பளமே இல்லாத விவசாயிக்கு அதை எப்படிக் கணக்கிடுவார்கள்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


உதகமண்டலம், ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:

அம்மா, முதலில் உங்கள் மனதை அரிக்கும் கேள்விக்கு வருகிறேன். மனைவி வேலைக்குப் போகிறாள் என்பதற்காக மட்டும் ஜீவனாம்ச உரிமை போய்விடாது. அவளுடைய வருமானம், கணவன் வீட்டில் வாழ்ந்த தரத்துக்கு ஓரளவு ஒத்த வாழ்க்கையை நடத்தப் போதுமா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 2007-இல் சதுர்புஜ் எதிர் சீதா பாய் வழக்கில், 'தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத' மனைவி என்றால் முழுக்க வறியவளாக நிற்க வேண்டும் என்று பொருள் கொள்ளக் கூடாது என்று விளக்கியது. ஆகவே ரத்து செய்ய வேண்டும் என்ற அவருடைய கோரிக்கை அவ்வளவு எளிதில் நிற்காது.

ஆனால் தொகை குறையவே குறையாது என்று நான் சொல்லமாட்டேன். 10,000 ரூபாய்க்கு உத்தரவு போட்ட நாளில் உங்களுக்கு வருமானம் இல்லை, இன்று இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் அது சூழ்நிலை மாற்றம்தான். எனவே உங்கள் பங்காக எண்ணப்பட்ட தொகையில் ஒரு பகுதி குறைய வாய்ப்பு உண்டு. அதே வேளையில் உங்கள் மகளுக்கு அன்றைக்கு இருந்த செலவும் இன்றைய செலவும் ஒன்றல்ல. பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், மருத்துவம், இந்தக் குளிருக்கு வேண்டிய துணிமணி என்று எல்லாமே கூடியிருக்கும். ஆகவே அவருடைய மனுவுக்கு எதிருரை போடுவதோடு நிறுத்தாமல், மகளின் செலவுக்காகத் தொகையை உயர்த்தக் கோரி நீங்களும் தனியாக ஒரு மனு போடுங்கள். இரண்டையும் சேர்த்து விசாரிக்கும்போது நீதிபதிக்கு முழுப் படம் கிடைக்கும். உங்கள் சம்பளத்தை அவர் கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். சம்பளச் சீட்டோடு நீங்களே முதலில் தெரிவித்துவிடுங்கள். ஒன்றை மறைத்தார் என்று பதிவாகிவிட்டால் மற்ற உண்மைகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இனி, தொகையைத் தீர்மானிப்பது பற்றி. நான்கில் ஒரு பங்கு என்று எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதியிருக்கவில்லை. 2017-இல் கல்யாண் தே சௌத்ரி வழக்கில், கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பேசுகிறார்கள். அதே வழக்கில், கணவர் மறுமணம் செய்து இன்னொரு குடும்பத்தையும் தாங்குகிறார் என்பதால், உயர் நீதிமன்றம் விதித்த 23,000 ரூபாயை 20,000 ஆகக் குறைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது ஒரு வழிகாட்டும் அளவு மட்டுமே. கணவரின் வருமானம், சொத்து, கடன், அவர் தாங்க வேண்டிய மற்றவர்கள், மனைவியின் கல்வி, வருமானம், வயது, உடல்நிலை, குடும்பத்துக்காக அவர் வேலையை விட்டிருந்தால் அந்த இழப்பு, திருமணம் நீடித்த காலம், வாழ்ந்த தரம், பிள்ளைகளின் தேவை ஆகியவற்றை எடைபோட்டுத்தான் தொகை வருகிறது. அதே சமயம் கணவனின் சொத்தையும் மனைவியின் சொத்தையும் சமமாக்குவதற்கு ஜீவனாம்சம் கருவி அல்ல என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இருபுறமும் எல்லை உண்டு.

உங்கள் வழக்கில் எல்லாம் தங்கியிருப்பது சொத்து மற்றும் கடன்களை வெளிப்படுத்தும் பிரமாணப் பத்திரத்தில்தான். 2020 நவம்பர் 4-ஆம் தேதி வந்த ரஜ்னேஷ் எதிர் நேகா தீர்ப்பு, ஜீவனாம்சம் கேட்கும் எல்லா வழக்குகளிலும் இரு தரப்பினரும் இந்தப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. விவசாய வருமானம் உள்ளவர்களுக்கென்றே அந்தத் தீர்ப்பின் இணைப்பில் தனிப் படிவம் இருக்கிறது. நிலத்தின் பரப்பு, உரிமைப் பங்கு, நிலம் எங்கே இருக்கிறது, யார் பயிரிடுகிறார்கள், கடந்த 3 ஆண்டுகளில் எவ்வளவு வருமானம் வந்தது என்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும். உங்கள் கணவருக்குத் தேயிலையும் உண்டு, அறை வாடகையும் உண்டு என்பதால், விவசாயப் படிவத்தை மட்டும் நிரப்பிவிட்டு வாடகை வருமானத்தை ஒதுக்கிவைக்க விடாதீர்கள். இரண்டையும் வெளிப்படுத்துமாறு உங்கள் வழக்கறிஞர் வலியுறுத்த வேண்டும். பதில் பத்திரத்துக்கு 4 வாரம் என்றும், இரண்டு வாய்ப்புகளுக்கு மேல் தரக் கூடாது என்றும், இடைக்கால மனுவை 4 முதல் 6 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தெரிந்தே பொய் எழுதினால் பொய்ச்சாட்சிக்கான நடவடிக்கைக்கும் இடம் உண்டு.

உங்களுக்கு இரண்டு உத்தரவுகள் இருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 6,000-மும் 10,000-மும் சேர்ந்து 16,000 கிடைக்குமா என்பது இரண்டாவது உத்தரவின் வாசகத்தைப் பொறுத்தது. முதல் உத்தரவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்கு மேலாக 10,000 என்று எழுதியிருந்தால் இரண்டும் சேரும். அப்படி இல்லாவிட்டால், ஒன்றில் கட்டிய தொகையை மற்றொன்றில் கழித்துக்கொள்ளக் கணவருக்கு உரிமை உண்டு. முந்தைய உத்தரவைப் பிந்தைய நீதிமன்றத்தில் தெரிவிப்பது மனைவியின் கடமை என்பதையும் 2020 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.


குன்னூர் வட்டம், சிறு தேயிலை விவசாயி:

சகோதரி, சட்டத்தைப் பெரியவர் விளக்கிவிட்டார். இலைக் கணக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் வெளியூர் வழக்கறிஞர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

விலை இறங்கியது உண்மைதான். தேயிலை விவசாயி கஷ்டப்படுவதும் உண்மைதான். உரம், பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்தால் சில மாதங்களில் கையில் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் கணவர் அதைச் சொன்னால் பொய் என்று உடனே தள்ளிவிட முடியாது. ஆனால் எந்த மாதத்தைக் காட்டுகிறார் என்று பாருங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து உறைபனி விழும் காலத்தில் கொளுந்து கருகி வரத்து சுருங்கிவிடும். கவாத்து வெட்டிய (செடிகளின் மேற்பகுதியை வெட்டிவிட்ட) பகுதியில் சில மாதங்களுக்கு இலையே இருக்காது. மழை பெய்து கொளுந்து பொங்கும் மாதங்களின் வரவு இவற்றைப் போலப் பல மடங்கு இருக்கும். குளிர்கால இரண்டு மாதச் சீட்டை மட்டும் நீட்டிவிட்டு இதுதான் என் வருமானம் என்றால், அது ஆண்டின் கணக்கு ஆகாது. குறைந்தது மூன்று ஆண்டுகளின் வரவைக் கேட்டு வாங்கி, மாத சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கை மறைப்பது கடினம். இலை எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் எடை போட்டு, ஈரத்துக்குக் கழிவு போட்டு, உறுப்பினர் எண்ணிலோ பெயரிலோ பதிவாகிறது. மாதக் கடைசியில் கிலோ, விலை, முன்பணம், உரத்துக்குப் பிடித்தது, மீதி என்று வரிசையாக எழுதிய பட்டியல் வரும். பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. கூட்டுறவுத் தொழிற்சாலை என்றால் பதிவேடு இன்னும் ஒழுங்காக இருக்கும். நீலகிரியில் பச்சை இலைக்குத் தர வேண்டிய சராசரி விலையைத் தேயிலை வாரியம் குன்னூரிலிருந்து மாதா மாதம் அறிவிப்பதால், எந்த மாதத்தில் கிலோவுக்கு என்ன விலை என்பதில் வாதமே வராது. மாமனார் பெயரில் உள்ள பகுதியின் இலையும் உங்கள் கணவர் கணக்கிலேயே போடப்படுகிறதா என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிலம் அப்பாவுடையதாக இருந்தாலும், அதன் வரவை மகன் வாங்கி அனுபவிக்கிறார் என்றால் அது அவருடைய வருமானத்தில் சேர்க்க வேண்டியதுதானே என்பது என் எண்ணம்; வழக்கறிஞர்கள் சொல்லட்டும்.

அறைகளுக்கும் அடையாளம் உண்டு.  பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அறைகளுக்குப் பெரும்பாலும் தனி மின் இணைப்பு இருக்கும். அந்த மின் கட்டண ரசீதில் ஏப்ரல், மே மாத யூனிட்டுகளையும் ஜூலை மாத யூனிட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அறையில் ஆள் இருந்தார்களா இல்லையா என்று எவருக்கும் புரியும். செயலி வழியாக முன்பதிவு நடந்தால் அதன் வரவும் வங்கிக் கணக்கில்தான் விழும்.


உதகமண்டலம், ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:

விவசாயி ஐயா சொன்னது சரியான வழி. அந்தப் பட்டியலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கணவர் தராவிட்டால், அவற்றைத் தாக்கல் செய்யுமாறு அவருக்கு உத்தரவிடவோ, தொழிற்சாலையிலிருந்தும் வங்கியிலிருந்தும் நேரடியாக வரவழைக்கவோ நீதிமன்றத்தில் மனு போடலாம். தனக்கு மட்டுமே தெரிந்த விவரத்தை ஒருவர் வெளியிட மறுத்தால், அதிலிருந்து அவருக்குப் பாதகமான முடிவுக்கு வர நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. தந்தையின் நிலத்தைப் பற்றி அவர் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். அந்த நிலத்தை மகனுடைய சொத்தாகக் கருத முடியாது. ஆனால் அதிலிருந்து அவர் கையில் உண்மையில் சேரும் வருமானத்தைக் கருதலாம். அது பரம்பரைச் சொத்தாக இருந்து அவருக்கும் அதில் பிறப்புரிமைப் பங்கு இருந்தால், அந்தப் பங்கையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும்.


கொடைக்கானல், வாடகைக் கார் ஓட்டுநர்:

கட்டுகிறவன் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எனக்கு விவாகரத்து ஆகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. தீர்ப்பில் என் முன்னாள் மனைவிக்கும் மகனுக்கும் மாதாமாதம் கட்டச் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை (சுற்றுலா வண்டிகள் வருமுன் இணையத்தில் அனுமதி எடுக்கும் முறை) வந்த பிறகு எனக்குச் சவாரி குறைந்தது. இ-பாஸ் தேவையா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மலைக்கு அது நல்லது என்று சொல்பவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். என் வரவு சுருங்கியது என்பது மட்டும்தான் இங்கே பொருத்தமானது.

இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி, சூழ்நிலை மாறிவிட்டது என்று காட்டினால் நிரந்தர ஜீவனாம்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ரத்து செய்யவும் முடியும் என்று என் வழக்கறிஞர் சொன்னார். மனு முடியும் வரை பழைய தொகையைக் கட்டியே ஆக வேண்டும், சிரமமாக இருந்தால் ஒரு பகுதியையாவது தேதி தவறாமல் வங்கி வழியாகக் கட்டி, மீதியை நிலுவையாக ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அப்படியே செய்தேன். விசாரணையின்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்தது அந்த வங்கிச் சீட்டுகளைத்தான். இடைவெளி இல்லாமல் ஏதாவது கட்டிக்கொண்டே வந்திருப்பதைப் பார்த்த பிறகு, நான் தட்டிக்கழிக்க வந்தவன் என்ற பேச்சு எழவில்லை.

வரவு குறைந்ததை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் உத்தரவு வந்த பிறகு நானாக வாங்கிய இரண்டாவது வண்டியின் மாதத் தவணையைக் கழிக்கச் சொன்னதை ஏற்கவில்லை. வருமான வரி, கட்டாய வருங்கால வைப்பு நிதி போன்று விருப்பம் இல்லாமலே பிடிக்கப்படுவதைத்தான் கழிப்பார்கள், சொத்து சேர்ப்பதற்காக நாமே ஏற்றுக்கொண்ட தவணையைக் காட்டி மனைவி பிள்ளையின் பங்கைக் குறைக்க முடியாது என்று விளக்கினார்கள். யோசித்துப் பார்த்தால் அது நியாயம்தான். என் தாயாரின் மருத்துவச் செலவை மட்டும் ரசீதுகளைப் பார்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். முன்னாள் மனைவியின் தொகை சற்றுக் குறைந்தது. மகனின் தொகையை ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து சதவீதம் உயரும் என்ற நிபந்தனையும் சேர்த்தார்கள். 2025-இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் மாதம் 50,000 ரூபாயும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வும் என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இப்படி எழுதிவிட்டால் விலைவாசி ஏறும்போதெல்லாம் இரு தரப்பினரும் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியதில்லை.

அக்கா, உங்கள் கணவருக்கு உண்மையிலேயே கஷ்டம் இருக்கலாம். அதை அவர் நிரூபிக்கட்டும். மனு போட்டதையே காரணமாக வைத்துப் பணத்தை நிறுத்தியதற்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது.


கோத்தகிரி, தனியார் பள்ளி ஆசிரியை:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. அறைகளின் மின் இணைப்பு தனியாகத்தான் இருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டாவது உத்தரவை எடுத்துப் படித்தேன். முதல் உத்தரவில் உள்ள 6,000 ரூபாயையும் உள்ளடக்கியே 10,000 என்று எழுதியிருக்கிறது. எனவே அந்தக் குழப்பம் தீர்ந்தது.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நிலுவையை எப்படி வசூலிப்பது? ஊர்ப் பெரியவர்கள் இரு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசி, ஒரே தவணையாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பரஸ்பர சம்மதத்தில் பிரிந்துவிடுங்கள் என்கிறார்கள். மாதாமாதம் கையேந்தும் நிலை முடியுமே என்று எனக்கும் ஒரு மனம் சொல்கிறது. அப்படி வாங்கலாமா?


குன்னூர், குடும்ப வழக்குகளை நடத்தும் பெண் வழக்கறிஞர்:

நிலுவையை வசூலிக்க உங்களுக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. 125-ஆம் பிரிவின் கீழ் வந்த உத்தரவை மீறினால், நிலுவையை வசூலிக்க வாரண்டு கோரலாம். கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று காத்திருந்து இந்தக் கெடுவை இழந்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்துவிட்டது என்றும் சிலர் நினைக்கிறார்கள். சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழியே தவிர கட்டியதற்கு ஈடாகாது என்று 1988-இலேயே உச்ச நீதிமன்றம் குல்தீப் கௌர் வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் 125-ஆம் பிரிவின் இடத்தில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவும், தொகையை மாற்றக் கோரும் 127-ஆம் பிரிவின் இடத்தில் 146-ஆம் பிரிவும் வந்திருக்கின்றன. எண்கள் மாறினாலும் உரிமை மாறவில்லை.

இரண்டாவது பாதை, விவாகரத்து வழக்குக்குள்ளேயே இருக்கிறது. இடைக்கால உத்தரவை உரிமையியல் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றக் கோரலாம். வழக்கைத் தொடுத்தவர் உங்கள் கணவர். நிலுவையைக் கட்டும் வரை அவருடைய விவாகரத்து மனுவின் விசாரணையை நிறுத்திவைக்குமாறு கேளுங்கள். விவாகரத்து வேண்டும் என்று அவசரப்படுகிறவருக்கு இதைப் போல வேலை செய்வது வேறொன்றும் இல்லை என்பது என் அனுபவம்.

ஒரு முக்கியமான விஷயத்தை இதுவரை யாரும் சொல்லவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின் கீழ் வரும் இடைக்கால ஜீவனாம்சம் அந்த வழக்கு முடியும் நாள் வரைக்கும்தான். விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாளிலிருந்து அந்த உத்தரவு ஓடாது. பழைய நிலுவையை மட்டும் வசூலிக்கலாம். ஆகவே தீர்ப்புக்கு முன்பே, 25-ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம் கேட்டு மனுவைப் போட்டு வையுங்கள். தீர்ப்புக்குப் பிறகும் கேட்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இடையில் வெறும் கையோடு நிற்க நேரும். அவருடைய மனு தள்ளுபடியானால் 25-ஆம் பிரிவில் உங்களுக்கு எதுவும் கிடைக்காது, ஏனென்றால் திருமண நிலையைப் பாதிக்கும் தீர்ப்பு ஒன்று வந்தால்தான் அந்தப் பிரிவு உயிர்பெறும் என்று 1993-இல் சந்த் தவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த நேரத்தில் உங்களுக்குத் துணை நிற்பது பழைய 125-ஆம் பிரிவு உத்தரவுதான். எனவே சமரசத்துக்கு என்று சொல்லி அதைத் திரும்பப் பெறச் சொன்னால், முழுப் பணமும் கைக்கு வரும் முன் சம்மதிக்காதீர்கள்.

மொத்தத் தொகை வாங்கலாமா என்ற கேள்விக்கு என் நேர்மையான கருத்து: உங்கள் நிலையில் வாங்கலாம், ஆனால் பெரியவர்கள் பேசும் அவசரத்தில் அல்ல. மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லலாம். இலையும் அறை வாடகையும் நம்பி வாழ்கிறவரிடம் ஒவ்வொரு மாதமும் துரத்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அந்த வகையில் மொத்தத் தொகை நிம்மதி தரும். மறுபுறம், ஒருமுறை முழுத் தீர்வாக வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டால், நாளை உங்களுக்கு நோய் வந்தாலும் வேலை போனாலும் திரும்பக் கேட்பது மிகவும் கடினம். எனவே உங்களுக்கு வர வேண்டிய மாதத் தொகையை எத்தனை ஆண்டுகளுக்குப் பெருக்குகிறார்கள், விலைவாசி உயர்வை அதில் சேர்த்தார்களா, இதுவரையிலான நிலுவை தனியா அதற்குள் அடங்கியதா என்ற மூன்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் பெரிதாகத் தெரியும் தொகை, இந்தக் கணக்கைப் போட்டவுடன் சுருங்கிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பரஸ்பர சம்மத மனுவில் முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே 6 மாத இடைவெளி உண்டு. பொருத்தமான வழக்குகளில் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு பகுதியை முதல் கட்டத்திலும், மீதி முழுவதையும் இரண்டாம் கட்ட வாக்குமூலம் தரும் நாளில் நீதிபதியின் முன்னிலையிலும் வரைவோலையாக வாங்குங்கள். பின்தேதியிட்ட காசோலையை நம்பி வாக்குமூலம் கொடுக்க வேண்டாம். தவணையாகத்தான் தர முடியும் என்றால், அவர் பெயரில் உள்ள தேயிலை நிலத்தின் மீது பொறுப்பு (பணம் தராவிட்டால் அந்த நிலத்திலிருந்து வசூலிக்கும் உரிமை) ஏற்படுத்தித் தரச் சொல்லுங்கள். 25-ஆம் பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது. அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் வில்லங்கச் சான்றில் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் நிலத்தை விற்றுக் கைகழுவ முடியாது. மாமனார் பெயரில் உள்ள நிலத்தின் மீது அவர் சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்ய இயலாது.

மகளின் தொகையை இதில் கலக்கவே கலக்காதீர்கள். தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதினால் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. அவள் பெயரில் தேசிய வங்கி ஒன்றில் தனி வைப்பு இருக்கட்டும், மாதச் செலவுக்கும் தனி ஏற்பாடு இருக்கட்டும். 144-ஆம் பிரிவில் பொதுவாகப் பதினெட்டு வயது வரைதான் கிடைக்கும் என்றாலும், தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத திருமணமாகாத மகளுக்குத் தந்தையின் கடமை அதற்குப் பிறகும் தொடர்கிறது என்று 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. கல்லூரிச் செலவைப் பேசும்போது இதை அவருடைய தரப்புக்கு நினைவூட்டுங்கள்.


கூடலூர், சமூகப் பணியாளர்:

இடையில் ஒரு கேள்வி கேட்க அனுமதியுங்கள். எங்கள் பகுதியில் ஒரு பணியர் பழங்குடிக் குடும்பத்துப் பெண்ணைக் கணவர் கைவிட்டுவிட்டார். அவரும் இதே 24, 25-ஆம் பிரிவுகளின் கீழ் கேட்கலாமா?


குன்னூர், குடும்ப வழக்குகளை நடத்தும் பெண் வழக்கறிஞர்:

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி மிகவும் தேவையானது. இந்து திருமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டால் அன்றி அட்டவணைப் பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோருக்கும் இந்த விலக்கு உண்டு. திருமணமும் மணமுறிவும் அவரவர் வழக்கப்படி நடக்கும். எனவே அந்தப் பெண் 24, 25-ஆம் பிரிவுகளை நாட வேண்டாம். சாதி, மதம், இனம் பாராமல் எல்லோருக்கும் பொதுவான 144-ஆம் பிரிவின் கீழும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அவர் கேட்கலாம். கணவர் கூலி வேலை செய்பவர் என்பதும் தடையல்ல. உடல்நலமுள்ள கணவன் உடலுழைப்பால் சம்பாதித்தாவது மனைவி பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று 2022-இல் அஞ்சு கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது. இஸ்லாமியப் பெண்கள் மணமுறிவுக்குப் பிறகும் 125-ஆம் பிரிவை நாடலாம் என்று 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் 36, 37-ஆம் பிரிவுகள் இருக்கின்றன.

அவருக்கு வழக்கறிஞர் கட்டணமும் தேவையில்லை. வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்கள் அனைவருக்கும் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இலவச உதவியை உறுதி செய்கிறது. பழங்குடியினருக்கும் தனியாக அந்த உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது உதகையில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் அழைத்து வரலாம். வரும்போது ஆதார் அட்டை, குடும்ப அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களை எடுத்து வாருங்கள். திருமணத்தைப் பதிவு செய்திருக்காவிட்டால், சடங்கில் கலந்துகொண்ட ஊர் மூப்பரோ உறவினர் இருவரோ உடன் வந்தால் மனு எழுதும்போதே அவர்களின் விவரத்தைச் சேர்த்துவிடலாம்.